இங்கிலீஷ் இல்லாமல் சொல்லு

போடிநாயக்கனூர்
3 செப்டம்பர் 2025

ரஞ்சனிக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். குடும்பக் குரூப்பிலிருந்தும் வெளியேறிவிட்டாய். நீ நம் ஏலக்காட்டு வீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்திருப்பதையே, ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புக்காரன் மொக்கையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெங்களூரிலிருந்து வந்தவள் போடியில் இறங்கி, அண்ணன் வீட்டுத் தெருவைத் தாண்டி, போடிமெட்டுக்கு ஜீப்பு ஏறியிருக்கிறாய். இருக்கட்டும். இந்தக் கடிதத்தை மொக்கையனிடமே கொடுத்தனுப்புகிறேன். அவனை பிளாக் செய்ய உன் போனில் வழியில்லை.

போவதற்கு முன்னால் குரூப்பில் ஒரு செய்தி போட்டாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். “விஜய்யும் நானும் பிரிகிறோம். இட் வாஸ் எ டாக்சிக் ஸ்பேஸ். ஐ ஆம் சூசிங் மைசெல்ஃப். ப்ளீஸ் ரெஸ்பெக்ட் மை பவுண்டரீஸ்.”

படித்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை. குமட்டல்தான் வந்தது.

பன்னிரண்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறவன் நான். இந்த வார்த்தைகளோடு காலையிலிருந்து சாயங்காலம் வரை மல்லுக்கட்டுகிறேன். வீட்டுப்பாடம் ஏன் எழுதவில்லை என்றால், “லிட்டரலி செத்துட்டேன் சார்” என்று ஒருத்தன் உயிரோடு நின்று சொல்கிறான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடைக்குப் பெயர் ‘சாய் வைப்ஸ்’. உள்ளே அதே ஈ, அதே கிளாஸ். கல்யாண ஃப்ளெக்சில் ‘பவர் கப்பிள்’ என்று போடுகிறார்கள். மாப்பிள்ளைக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. யாரோ மென்று துப்பியதை எடுத்து எல்லோரும் மறுபடி வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நீயும் சேர்வாய் என்று நான் நினைக்கவில்லை.

டாக்சிக் என்பது நம் காட்டில் அடிக்கிற பூச்சிமருந்து டப்பாவுக்கு உரிய சொல். அதைத் தாலி கட்டியவனுக்கு எழுதுகிறாய். பவுண்டரி என்றால் எனக்குத் தெரிந்தது வேலிக்கல். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் அதை யார் நட்டார்கள்? உன் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறது. அதைச் சொல்வதற்கு, ஊரெல்லாம் உடுத்திக் கழற்றிப் போட்ட சட்டைதான் கிடைத்ததா?

கோபத்தில்தான் எழுதுகிறேன். கீழே இறங்கி வா. வந்து பேசு.

தங்கபாண்டி


போடிமெட்டு
5 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

நான்கு வரிக்கு நான்கு திருத்தம் போட்டிருக்கிறாய். மார்க் மட்டும் போடவில்லை.

நீ சொல்வது சரிதான். அவை என் வார்த்தைகள் இல்லை. இன்னொருத்தி எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் போட்டேன். ஏன் தெரியுமா? அது தயாராக இருந்தது. மழைக் கோட்டு மாதிரி எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே ஓடிவிடலாம். சொந்தமாக ஒரு வரி எழுதியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். பூச்சிமருந்து டப்பா என்கிறாயே, அந்தச் சொல்லைக் கண்டாவது நீங்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்குவீர்கள், என்னைச் சமாதானம் பேசக் கூப்பிட மாட்டீர்கள் என்று நினைத்தேன்.

எனக்கும் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைக் கண்டால் குமட்டும். உன் டாக்சிக்கும் வைப்பும் நேற்று முளைத்தவை. இது நம் வீட்டில் அம்மா அப்பா காலத்திலிருந்து புழங்குவது. அட்ஜஸ்ட்.

கோயம்புத்தூரில் எனக்கு முதல் வேலை கிடைத்தபோது, இங்கேயே ஒரு வேலை பார்த்து அட்ஜஸ்ட் பண்ணிக்கொள் என்றீர்கள். கல்யாணப் பேச்சில் தேவாரத்து மாப்பிள்ளை வீட்டார் கார் கேட்டபோது, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போயிருவோம்” என்றார் பெரியப்பா. விஜய்க்கு நான் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை, பிறகு நான் வீட்டில் இருப்பதும் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் எனக்குக் கிடைத்த புத்திமதி ஒன்றுதான். பஸ்சில் ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருக்கிற சீட்டில் நாலாவதாக வந்து இடிக்கிறவன் சொல்கிற வார்த்தை அது. சொல்கிறவன் வசதியாக உட்கார்ந்துவிடுவான். நகர்ந்து நகர்ந்து ஜன்னல் கம்பியில் முழங்கை இடிபடுவது ஏற்கெனவே இருந்தவளுக்கு.

அதன் கூடப் பிறந்தவையும் இருக்கின்றன. “டென்ஷன் ஆகாதே.” “ஃபீல் பண்ணாதே.” “தங்கச்சி செட்டில் ஆயிட்டாளா?” நான் என்ன கலங்கிய தண்ணீரா, செட்டில் ஆவதற்கு? இந்த வார்த்தைகளுக்கு உன் வகுப்பில் தடை உண்டா? இல்லை. ஏனென்றால் இவற்றை நீயே சொல்கிறாய்.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் செய்தேன். அன்றைக்கும் சொன்னாய்.

இங்கே ஏலக்காய் பறிப்பு நடக்கிறது. நானும் கூடை எடுத்துக்கொண்டு போகிறேன். பறிக்க வரும் பெண்கள் முதல் நாள், “என்னாத்தா ஒத்தையில வந்துட்ட?” என்று கேட்டார்கள். “அவரு கூட இருக்கப் பிடிக்கல” என்றேன். “அப்ப சரி” என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். உனக்கு அவ்வளவு போதாது என்று தெரியும்.

நான் கீழே வரவில்லை.

ரஞ்சனி


போடிநாயக்கனூர்
6 செப்டம்பர் 2025

ரஞ்சனி,

பிப்ரவரியில் அப்படிச் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

குழந்தை தவறியதுதான் காரணமா? அது இரண்டு பேருக்கும் நேர்ந்த துக்கம் இல்லையா? அதில் மாப்பிள்ளையின் குற்றம் என்ன? அப்போது நானும் உன் மதினியும் பெட்டி கட்டிவிட்டோம். மாப்பிள்ளைதான், இப்போது ப்ரைவசி வேண்டும், நீயே யாரையும் பார்க்க விரும்பவில்லை என்றார். அதனால்தான் நின்றோம். அதையும் எங்கள் கணக்கில் எழுதிவிடாதே.

நேற்று அவர் போன் செய்தார். அடுத்த ஞாயிறு வருகிறார். நேரில் வருகிறவனை வாசலில் நிறுத்திப் பேச முடியாது. உன்னைப் பார்க்க வேண்டும் என்றால் மொக்கையன் ஜீப்பில் மேலே கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறேன். பெரியப்பாவும் இன்று வந்து போனார். “நல்ல கம்பெனி, நல்ல சம்பளம். அந்தப் புள்ளய அட்ஜஸ்ட் பண்ணிப் போகச் சொல்லுப்பா” என்றார். நீ எழுதியதைப் படித்த மறுநாள் அந்தச் சொல்லை இன்னொருவர் வாயில் கேட்டேன். காதுக்கு நன்றாக இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

நான் இவற்றை எல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது உன் மதினி மகாராணி பக்கத்தில் நின்று படித்தாள். “அவளுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? இங்கிலீசுல நொட்ட சொல்லிக்கிட்டு இருக்கீங்க” என்று சத்தம் போட்டுவிட்டுப் போனாள்.

சரி, கேட்கிறேன். ஆனால் டாக்சிக், ஸ்பேஸ், ஹீலிங் எதுவும் எனக்கு வேண்டாம். இங்கிலீஷ் இல்லாமல் சொல்லு. என்ன நடந்தது?

தங்கபாண்டி


போடிமெட்டு
9 செப்டம்பர் 2025

அண்ணே,

முதலில் ஒன்று. நீங்கள் பெட்டி கட்டியதே எனக்குத் தெரியாது. யாரையும் பார்க்க விரும்பவில்லை என்று நான் சொல்லவும் இல்லை. மதினி வருவாள் என்று கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நீங்கள் வராததால்தான் இறங்கியவுடன் உன் தெருப்பக்கம் திரும்பாமல் ஜீப்பு ஏறினேன்.

நீ கேட்டபடி எழுதப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரி, டாக்டர், போன் மாதிரியானவற்றை விட்டுவிடு, அவை நம் சொற்களாகிவிட்டன. அவரை அவர் என்று எழுதினேன், அடித்தேன். அவன் என்றும் வரவில்லை. விஜய் என்றே எழுதுகிறேன்.

ஆறாம் மாதம். ஒரு நாள் முழுக்க அசைவே இல்லை. சாயங்காலம் விஜயிடம் சொன்னேன். நீ அதிகமாக யோசிக்கிறாய் என்றார். மறுநாள் நானாகவே ஆட்டோ பிடித்துப் போனேன். வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்த பெண் எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். நெஞ்சுத் துடிப்பு நின்றுவிட்டது என்றார்கள். ஆனாலும் பெற்றுத்தான் ஆக வேண்டும் அண்ணே. அது எனக்கு அதற்கு முன் தெரியாது. எல்லா வலியும் உண்டு. கடைசியில் அழுகுரல் மட்டும் இல்லை.

துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பார்க்காமல் இருந்தால் நல்லது என்று ஒரு நர்சு சொன்னாள். நான் மறுபடி கேட்டேன், கொடுத்தாள். பெண். தலையில் முடி இருந்தது. நகம் இருந்தது அண்ணே. வளர்ந்திருந்தது. என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைதான் அவள் நீளம். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

விஜய் உள்ளே வரவில்லை. பார்த்தால் தாங்க மாட்டேன் என்றார். அதற்காக அவரை நான் குறை சொல்லவில்லை. எல்லோராலும் முடியாது. இரவு வந்து உட்கார்ந்து, எது நடந்தாலும் ஒரு காரணத்தோடுதான் நடக்கும் என்று இங்கிலீஷில் சொன்னார். “என்ன காரணம்?” என்று கேட்டேன். பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். “அடுத்தது தங்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்கத்தா” என்றாய். நீ அன்போடுதான் சொன்னாய்.

இதோடு நின்றிருந்தால் நான் இப்போதும் அந்த வீட்டில் இருந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். பழைய சிநேகிதி ஒருத்தி கூப்பிட்டு, “உன் வீட்டுக்காரர் எழுதினதைப் படித்து அழுதுவிட்டேன்” என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உத்தியோகக்காரர்கள் தங்கள் பெருமையைப் போட்டுக்கொள்கிற இடம் ஒன்று போனில் இருக்கிறது. அதில் எழுதியிருந்தார். தலைப்பை மட்டும் அவர் எழுதியபடியே எழுதுகிறேன், மன்னித்துக்கொள். ‘வாட் லூசிங் அவர் சைல்ட் டாட் மீ அபவுட் லீடர்ஷிப்.’ குழந்தையை இழந்ததில் தலைமைப் பண்பு பற்றிக் கற்றுக்கொண்ட ஐந்து பாடங்கள். முதல் பாடம், பலவீனத்தை மறைக்காதே. மூன்றாவது, உன் அணியை நம்பு. ஐந்தாவது, எது நடந்தாலும் மறுநாள் வேலைக்கு வந்து நில்.

மேலே ஒரு படம். ஊசி குத்திய என் கை. அதன் மேல் அவர் கை. நான் மயங்கித் தூங்கும்போது எடுத்திருக்கிறார். அந்த ஆறுதல் சொன்னது போக, வார்டுக்குள் அவர் செய்த ஒரே காரியம் அதுதான் போலிருக்கிறது. கீழே ஆயிரக்கணக்கான பேர் கைதட்டியிருந்தார்கள். குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கிடந்த நாட்கள் அவை.

அந்த எழுத்தை எடுத்துவிடச் சொன்னேன். நிறைய பேருக்கு ஆறுதலாக இருக்கிறது என்றார். ஆறு மாதம் சொல்லிப் பார்த்தேன். சொல்கிறபோதெல்லாம் ஒரு புதிய இங்கிலீஷ் வார்த்தை வரும். போன மாதக் கடைசியில் அவர் கம்பெனியில் இதைப் பற்றியே மேடையில் பேசக் கூப்பிட்டார்கள். பேசிப் பேசிப் பழகினார், கண்ணாடி முன்னால் நின்று. எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்றுகூட ஒரு குறிப்பு இருந்தது. என்னை முன்வரிசையில் உட்காரச் சொன்னார். அதோடு என் துக்கத்துக்கு ஒரு முடிவு கிடைக்குமாம். அவர் புதுச்சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நான் பஸ் ஏறினேன்.

அவ்வளவுதான் அண்ணே. இதை இவ்வளவு நீளமாக யாருக்கும் எழுத முடியாததால்தான் அந்த நாலு வரி.

அவரை மேலே கூட்டி வராதே.

ரஞ்சனி


போடிநாயக்கனூர்
15 செப்டம்பர் 2025

ஆத்தா ரஞ்சனி,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படித்தேன். அடுத்த பீரியடுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து மகாராணியிடம் நீட்டினேன். படித்துவிட்டு அவள் அன்று சமைக்கவில்லை. எனக்கு உடனே பதில் எழுத வரவில்லை. நான் பிப்ரவரியில் சொன்னது எனக்கு நினைவில்லாமல் போனதற்குக் காரணம் இப்போது தெரிகிறது. அதை எல்லோரிடமும் எப்போதும் சொல்கிறேன், அதனால்தான். எந்தத் தடவை உன்னிடம் என்று எப்படி நினைவிருக்கும்?

நேற்று மாப்பிள்ளை விஜயபாண்டி காரில் வந்தார். பழம், இனிப்பு, உனக்கு ஒரு சேலை. உட்கார்ந்த உடனே ஆரம்பித்தார்.

“மச்சான், பேசிக்கலி இது ஒரு கம்யூனிகேஷன் கேப். ரஞ்சனி ஒரு டஃப் ஃபேஸ்ல இருக்கா. அவளுக்கு வேண்டிய ஸ்பேஸ நான் குடுக்கறேன். எண்ட் ஆஃப் தி டே, வீ ஆர் எ டீம்.”

நானும் இங்கிலீஷ் வாத்தியார்தான். நாலு வாக்கியம் பேசிவிட்டார், அதில் ஒரு மனுசனைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை. உன் நாலு வரிக்கு ஒரு பக்கம் எழுதினேனே, இவர் பேச்சு கல்யாணத்திலிருந்து இப்படித்தான். மாப்பிள்ளை நன்றாகப் பேசுகிறார் என்று நானே ஊரில் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்ததும் என் வாயே எனக்குக் கசந்தது.

“மாப்ளே, ஒண்ணு கேக்கணும்” என்றேன். “பெறந்தது ஆம்பளப்புள்ளயா, பொம்பளப்புள்ளயா?”

காபி டம்ளரைக் கீழே வைத்தார். “மச்சான், அந்த டிராமாவ திரும்ப ஓப்பன் பண்றது ஹெல்தி இல்ல.”

“ஊருக்கெல்லாம் ஓப்பன் பண்ணிட்டீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஆணா, பொண்ணா?”

போனை எடுத்தார், வைத்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. தெரியாது. அஞ்சு பாடம் எழுதியவருக்கு அது தெரியாது. “அப்ப இருந்த நெலமையில வீ டிட் நாட் கோ இன்டு தட்” என்றார்.

மகாராணி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். “வீன்னா யாரு? அவ கேட்டு வாங்கிப் பாத்தா. கையில வச்சிருந்தா. நீங்க ஒரு ஆளுதான் பாக்கல. பாக்காதது தப்பில்ல. பாத்த மாதிரி எழுதுனீங்க பாருங்க, அதுதான் தப்பு. நாங்க கெளம்புனப்ப அவ வரவேணாம்னு சொன்னான்னு பொய் சொன்னீங்க பாருங்க, அது அதவிடத் தப்பு.”

அவர் எழுந்தார். நான் உட்காரச் சொன்னேன். “அந்தப் படத்துல இருக்கறது என் தங்கச்சி கை. படத்தையும் எழுத்தையும் எடுத்துருங்க மாப்ளே.”

“மச்சான், அது நெறைய பேருக்கு இன்ஸ்பிரேஷனா இருக்கு. யோசிச்சு சொல்றேனே.”

“யோசிங்க. இங்கயே யோசிங்க. சாப்பாடு ரெடியாகுது.”

கதவைப் பூட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. நானும் மகாராணியும் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டோம், அவ்வளவுதான். கரண்டு போனது. காற்றாடி நின்றது. அவர் சட்டை நனைந்தது. சாப்பிடச் சொன்னோம், வேண்டாம் என்றார். அவர் அப்பாவுக்குப் போன் போட்டார். நான் அதை வாங்கி, உன் கடிதத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். தேவாரத்துப் பெரியவர் “அவன்ட குடுங்க” என்றார். என்ன சொன்னாரோ, மாப்பிள்ளை முகம் சுண்டிப்போனது. படத்தையும் எழுத்தையும் எடுத்துவிட்டார். மகாராணி போனை வாங்கித் தேடிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

சேலையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். காரில் ஏறும்போது, “நோ ஹார்ட் ஃபீலிங்ஸ் மச்சான்” என்றார்.

“நெறைய இருக்கு மாப்ளே” என்றேன்.

பெரியப்பா ராத்திரி வந்தார், என்னப்பா இப்படிப் பண்ணிட்ட என்று. அவரிடமும் உன் கடிதத்தில் உள்ளதைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நீ எப்போது வேண்டுமானாலும் வா, வராவிட்டாலும் இரு. அந்த ஏலக்காட்டு வீட்டில் உனக்கும் பாதி. மகாராணி நாளைக்கு மொக்கையன் ஜீப்பில் மேலே வருகிறாள். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள்.

அண்ணன்
தங்கபாண்டி


போடிமெட்டு
17 செப்டம்பர் 2025

அண்ணே,

மதினி நேற்று வந்து சேர்ந்தாள். கொண்டைஊசி வளைவுகளில் மூன்று இடத்தில் ஜீப்பை நிறுத்தி வாந்தி எடுத்திருக்கிறாள். வந்ததும் என் தலைக்கு எண்ணெய் வைத்தாள். என்ன நடந்தது என்று மறுபடி கேட்கவில்லை. ராத்திரி இரண்டு பேரும் ஒரே போர்வையில் படுத்து அழுதோம். இன்று காய் பறிக்கவும் வந்தாள். அட்டை கடித்ததற்கு மலையையே திட்டித் தீர்த்தாள்.

அடுத்த வாரம் அவளோடு கீழே வருகிறேன். தேனியில் ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும், நீயும் கூட வா. திரும்பி வந்து, பறிப்பு முடிகிற வரை இங்கேயே இருக்கிறேன். பிறகு வேலை தேட வேண்டும். பெங்களூருக்குப் போக மாட்டேன்.

பெண்ணா ஆணா என்று நீ அவரிடம் கேட்டாய். என்னிடம் இன்னும் யாரும் ஒன்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றாது, உயிரோடு பிறக்காத பிள்ளைக்கு யார் கேட்பார்கள்? நானே சொல்கிறேன். நாலாம் மாதத்திலிருந்து மனதுக்குள் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். விஜயிடமும் சொன்னதில்லை, வாய்விட்டும் சொன்னதில்லை.

அன்னக்கொடி.

இதைப் படிக்கும்போது வீட்டில் நீ தனியாகத்தான் இருப்பாய். ஒரு தடவை சத்தமாகச் சொல்லு அண்ணே.

ரஞ்சனி